கால நீட்டிப்பு ஆணையின் கடைசி வரி: விலை, கால மாற்றம் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளம் ஒப்பந்ததாரர் தம் கோப்புடன் வந்தார். அரசுத் துறை ஒன்றின் நீரேற்று நிலையப் பணி. துறை வரைபடம் தரத் தாமதித்ததால் 60 நாள் கால நீட்டிப்பு கிடைத்திருந்தது. "நீட்டிப்பு கைக்கு வந்துவிட்டது சார். இனி நஷ்டத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்றார். நான் நேராக ஆணையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். பயந்த வரி அங்கே இருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

ரசீதைத் தொலைப்பது, கூட்டலில் பிழை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும். இந்த வரி அப்படியல்ல.

காலத்தை வாங்கிக்கொண்டு பணத்தை எழுதிக் கொடுப்பது

"இந்த நீட்டிப்பினால் அரசுக்குக் கூடுதல் செலவு எதுவும் ஏற்படாது என்பதை ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொள்கிறார்." சொற்கள் சற்று மாறலாம், பொருள் இதுதான். புதிதாக வருபவர்கள் இதை அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெழுத்திடுகிறார்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், அந்த நிகழ்வின் கணக்கை இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டதற்குச் சான்றாக நிற்பது இந்த வரிதான்.

ஒரே தாமதத்திலிருந்து இரண்டு உரிமைகள் பிறக்கலாம். கால நீட்டிப்பு உங்களைத் தாமத அபராதத்திலிருந்து காப்பாற்றும், தாமதத்தால் ஆன செலவைத் தராது. அந்த நாட்களில் சும்மா நின்ற கிரேனின் வாடகை, பணித்தள ஊழியர் சம்பளம், வங்கி உத்தரவாதத்தைப் புதுப்பித்த கமிஷன் ஆகியவை வேறு கணக்கு. அவற்றைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நானும் இப்படித்தான் ஏமாந்தேன். பாலம் ஒன்றின் தூண் வரைபடம் 74 நாள் தாமதமாக வந்தது. கிரேனின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். நீட்டிப்பு ஆணை வந்த வாரம் என் இடைக்கால பில்லும் அதே மேசையில் கிடந்தது. "இதில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்தே நகர்ந்துவிடும்" என்றார்கள். போட்டேன். இறுதி பில்லோடு 40 பக்கக் கோரிக்கை கொடுத்தபோது மூன்று வரியில் பதில் வந்தது. நடுவர் மன்றத்துக்குப் போனேன். நடுவர் என் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. ஆணையை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார்.

இன்றும் என் மனம் ஆறாததற்குக் காரணம், ஒரே ஒரு வாக்கியம் அதைத் தடுத்திருக்கும் என்பதுதான். "இதைக் காலத்துக்கான நீட்டிப்பாக மட்டும் ஏற்கிறேன், இதே காரணத்தால் எழுந்த செலவைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." இதைக் கையெழுத்துக்கு முன்னால், அதே தாளில் எழுத வேண்டும். மறுநாள் தனிக்கடிதம் அனுப்புவது, கையெழுத்திட்ட தாளின் முன் வலுவிழந்துவிடும்.

இப்படி எழுதினால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சத் தேவையில்லை. சட்டமே இதை எதிர்பார்க்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55ஐப் பாருங்கள். காலம் முக்கியமான ஒப்பந்தத்தில், எதிர்த் தரப்பு குறித்த காலத்தில் செய்யாததைப் பின்னர் செய்யும்போது நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கொள்முதல் விதிகளில், மாற்ற ஆணைகளுக்கான விடுவிப்பு வாசகத்தின், அதாவது இந்த மாற்றத்துக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுப்பதன், மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் முடிவில், எவை நீங்கலாக என்று நிரப்புவதற்கென்றே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. விலக்க வேண்டியதை அங்கே எழுதாமல் கையெழுத்திட்டால், பிறகு யாரைக் குறை சொல்வது?

கணக்கு முடியட்டும் என்று அறிவிப்பைத் தள்ளிப்போடுவது

இன்ன நிகழ்வுக்காகக் காலமோ பணமோ கேட்கப்போகிறேன் என்று முன்கூட்டித் தெரிவிக்கும் கடிதம்தான் அறிவிப்பு. அதில் தொகை இருக்க வேண்டியதில்லை. பன்னாட்டு நிதியுதவிப் பணிகளில் அதிகம் புழங்கும் ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், நிகழ்வு தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அறிவிப்புக்கு 28 நாள், விவரமான கோரிக்கைக்கு 42 நாள். 2017 பதிப்பில் அறிவிப்புக்கு அதே 28, விவரங்களுக்கு 84. கணக்குக்குத் தனி அவகாசம் இருக்கும்போது, தொகை கூட்டி முடியவில்லை என்று அறிவிப்பைப் பிடித்து வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

விலை உயர்வை நீட்டிப்போடு சேர்த்துப் பார்க்காதது

விலை மாற்ற விதி உள்ள ஒப்பந்தங்களில் பெரும்பாலும், வெளியிடப்படும் விலைக் குறியீட்டெண்களை வைத்துக் கணக்கிடும் சூத்திரம்தான் பேசும். நீங்கள் கடையில் கொடுத்த விலை அல்ல. விலை உயர்வை எந்த நாளிலிருந்து கணக்கிடுவார்கள், அதாவது அடிப்படை நாள் எது என்றும் பாருங்கள். ஃபிடிக்கில் அது ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அல்ல. ஒப்பந்தப்புள்ளி தர வேண்டிய கடைசி நாளுக்கு 28 நாள் முந்தைய நாள்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. ஃபிடிக் 1999இல், முடிக்க வேண்டிய காலம் கடந்தும் பணி நீண்டால், அக்காலம் முடிவதற்கு 49 நாள் முந்தைய குறியீட்டெண், நடப்புக் குறியீட்டெண் இரண்டில் அரசுக்குச் சாதகமானதையே எடுப்பார்கள். நியாயமான நீட்டிப்பைக் கேட்காமல் விட்டவர், அபராதத்தோடு விலை உயர்வையும் சேர்த்து இழக்கிறார்.

சொந்தத் தாமதத்தை மறைப்பது

மறைக்காதீர்கள். பணித்தளப் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

மொத்தமாக ஒரு தொகை கேட்பது

எந்த நிகழ்வு, எத்தனை நாள், என்ன செலவு என்று பிரித்துக் காட்டுங்கள்.

எல்லாத் தாமதத்துக்கும் நாள் கேட்பது

பணியின் முடிவு நாளைத் தள்ளாத தாமதத்துக்கு நீட்டிப்பு இல்லை. சுற்றுச்சுவர் பத்து நாள் நின்றாலும், பம்பு நிறுவும் வேலை நிற்காவிட்டால் அந்தப் பத்து நாளைக் கேட்டுப் பயனில்லை.

அந்த இளைஞரின் கோப்பை மாலைவரை புரட்டினோம். வரைபடத் தாமதத்துக்கான செலவு போனது போனதுதான். ஆனால் அடித்தளம் தோண்டும்போது எதிர்பாராத பாறை வந்திருக்கிறது. 19ஆம் நாளே அறிவிப்புப் போயிருக்கிறது. ஒப்புகைச் சீட்டும் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஆணை வரைபடத்தை மட்டுமே பேசுகிறது. பாறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கோரிக்கையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.