வளர்ந்த வயதில் முள்ளந்தண்டை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை: வீடு திரும்பிய பின் முதல் ஆண்டைக் கடப்பது எப்படி?

ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவளைவையோ, வயதோடு கூடிவந்த முன்கூனலையோ வளர்ந்த வயதில் சத்திரசிகிச்சை மூலம் நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்புபவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் இதனை எழுதுகிறேன். கொழும்பில், நாற்பதைக் கடந்த வயதில் இச்சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: வலி குறைவதும் என்பு பொருந்துவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வலி பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் வெகுவாகத் தணிந்துவிடும். என்பு பொருந்தி முடிவதற்கோ ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். இந்த இடைவெளியில்தான் பலருடைய கவனம் தளர்கிறது.

சத்திரசிகிச்சை நிபுணர் முள்ளெலும்புகளில் திருகாணிகளை இறக்கி, அவற்றை இருபுறமும் டைட்டேனியம் அல்லது கோபோல்ட் குரோம் கம்பிகளால் இணைத்து, எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி அங்கே என்புத் துகள்களைப் பரப்பிவிடுகிறார். அந்தத் துகள்கள் வளர்ந்து பல முள்ளெலும்புகளை ஒரே எலும்பாக ஆக்குவதே சிகிச்சையின் நோக்கம். கொங்கிறீற் இறுகும்வரை தட்டைத் தாங்கி நிற்கும் முட்டுக்கம்பங்களின் வேலையைத்தான் கம்பிகள் செய்கின்றன. பதின்ம வயதினருக்கு விரைவாகப் பொருந்தும் எலும்பு, வளர்ந்தவர்களுக்குத் தாமதமாகவே பொருந்துகிறது. பொருந்தாமல் போனால், ஓயாத அசைவினால் உலோகம் களைத்துப்போய், ஓரிரு வருடங்களுக்குப் பின்னரும் கம்பி முறியலாம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் இதுவே காரணம். உங்களுக்குச் சிகிச்சை செய்த நிபுணர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். எத்தனை முள்ளெலும்புகள் இணைக்கப்பட்டன, அவை எவ்வளவு உறுதியானவை என்பது அவருக்கே தெரியும்.

வைத்தியசாலைக்குப் போகும் முன்பே வீட்டை ஒழுங்குசெய்யுங்கள்

திரும்பி வந்த பின் ஒழுங்குசெய்யலாம் என்று விடுவது வீட்டாருக்குப் பெரும் சிரமத்தைத் தரும். கட்டில், உட்கார்ந்தால் முழங்காலும் இடுப்பும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வான கட்டிலோ தரையில் விரித்த பாயோ உதவாது. குந்தி இருக்கும் மலசலகூடத்தைப் பல மாதங்களுக்குப் பயன்படுத்த முடியாது. கொமட் இல்லாத வீடாயின், மருத்துவ உபகரணக் கடைகளில் விற்கும் கொமட் கதிரை ஒன்றை வாங்குங்கள், அல்லது தெரிந்தவர்களிடம் இரவல் பெறுங்கள். கொமட் இருந்தாலும், அதன் இருக்கையை உயர்த்தும் பாகத்தைப் பொருத்திச் சுவரில் உறுதியான பிடி ஒன்றையும் அமைத்துவிடுங்கள்.

நம் குளியலறைகளில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதே மிகப் பெரிய ஆபத்து. வழுக்காத இறப்பர் விரிப்பும், கால்கள் அகன்று நிற்கும் கதிரை ஒன்றும் அவசியம். வாளியைத் தரையில் வைக்காமல் முக்காலி ஒன்றின் மீது வையுங்கள். தண்ணீர் மொள்ளக் குனிய வேண்டியிருக்காது. சமையலறையில் அன்றாடம் எடுக்கும் பாத்திரங்கள், மருந்துகள், உடுப்புகள் யாவும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். கால்மிதிகளை அகற்றிவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளில் தொடர்மாடியில் குடியிருப்பவர்கள், மின்சாரம் தடைப்படும்போது மின்தூக்கி இயங்குமா என்பதை முகாமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளினிக் நாளன்று பல மாடிப் படிகளில் இறங்கும் நிலை வரக் கூடாது.

படுக்கையிலிருந்து எழுவது

முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டிய செயல் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மல்லாந்து படுத்திருக்கும்போது முதலில் இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை மெத்தையில் ஊன்றுங்கள். எந்தப் பக்கமாக எழப்போகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, உடலை ஒரே துண்டாக உருட்டிக் கட்டிலின் விளிம்போரம் ஒருக்களித்துக்கொள்ளுங்கள். தோள் முந்தி இடுப்பு பிந்தினால் முள்ளந்தண்டு முறுகும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழ்ப்பக்க முழங்கையாலும் மேற்பக்க உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி எழுங்கள். இறங்கும் கால்களின் பாரம் மேலுடலை உயர்த்த உதவும். உட்கார்ந்தவுடன் நின்றுவிடாமல் சில மூச்சுகள் விட்டு, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பின்பே நில்லுங்கள். துணைக்கு நிற்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோளின் பின்புறத்தை ஒரு கையாலும் முழங்கால்களின் பின்புறத்தை மறு கையாலும் தாங்கினால் போதும். படுப்பதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மல்லாந்து தூங்கும்போது முழங்கால்களின் கீழும், ஒருக்களித்துத் தூங்கும்போது முழங்கால்களின் நடுவிலும் ஒரு தலையணை இருக்கட்டும்.

குனியாமை, முறுக்காமை, தூக்காமை

இம்மூன்றும் குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதம் வரை நீடிக்கும் விதிகள். சுமையின் எல்லை பொதுவாக 4 அல்லது 5 கிலோ. ஆகவே 5 கிலோ அரிசிப் பை ஒன்றே எல்லையைத் தொட்டுவிடும். தண்ணீர் நிரம்பிய வாளி, 12.5 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டர், தூக்கச் சொல்லிக் கைநீட்டும் பிள்ளை எல்லாமே எல்லைக்கு அப்பாற்பட்டவை. பிள்ளையை விலக்குவது மனத்துக்குக் கடினம் என்பதை அறிவேன். நீங்கள் கதிரையில் அமர்ந்த பின் வேறொருவர் பிள்ளையைப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தினால் அணைத்துக்கொள்ளத் தடையில்லை. திருவலையில் தேங்காய் திருவுவது, தும்புத்தடியால் கூட்டுவது, ஈர உடுப்பைப் பிழிவது ஆகிய மூன்றும் முறுக்கும் அசைவுகள் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பெண்கள் இவற்றுக்குத்தான் முதலில் திரும்பிவிடுகிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் கேட்காமலே அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் பந்தியில் தரையில் அமர்வதையும் அந்த ஆண்டு முழுவதும் தவிர்த்துவிடுங்கள்.

விழுந்த பொருளை எடுக்க நீண்ட பிடியுள்ள இடுக்கி ஒன்று பேருதவியாக இருக்கும். இல்லாவிட்டால், எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

நடை, பயணம்

நடப்பதே மருந்து. வைத்தியசாலையிலேயே பெரும்பாலும் மறுநாள் எழுப்பி நடக்கவைப்பார்கள். நுரையீரலில் சளி தேங்குவதையும் காலில் இரத்தம் உறைவதையும் அது தடுக்கிறது. வீட்டில் ஒரேயடியாக நீண்ட நேரம் நடப்பதை விட, ஐந்து நிமிட நடையைப் பல தடவை நடப்பது நல்லது. வெளியே போகும் தெம்பு வந்ததும், வெயில் ஏறுமுன் சமதரையான இடங்களுக்குச் செல்லுங்கள்: சுதந்திர சதுக்கத்தின் நடைபாதையும், காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையும், மரைன் டிரைவும் இதற்கு ஏற்றவை. காலி வீதியின் நடைபாதைகள் மேடுபள்ளமும் நெரிசலும் உள்ளவை; தொடக்கத்தில் வேண்டாம். கதிரையில் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருக்காமல் எழுந்து சிறிது நடந்துவிட்டு வாருங்கள்.

முச்சக்கர வண்டியில் ஏறக் குனிந்து திரும்ப வேண்டும். குழிகளில் அது தூக்கிப் போடும். கிளினிக்குக்குக் கார் ஒன்றை ஒழுங்குசெய்து, முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, முதலில் பின்புறமாக அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்று பயணிப்பது நீண்ட நாளைக்குக் கூடாது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். இரவு பஸ்ஸில் அசையாமல் இருந்து போவதை விட, நிபுணர் அனுமதித்த பின், எழுந்து நடக்கக்கூடிய ரயிலில் போவது பாதுகாப்பானது. வலுவான வலிநிவாரணிகளை எடுக்கும் காலத்தில் வாகனம் ஓட்டவே கூடாது.

மருந்தும் உணவும் காயமும்

வலிநிவாரணிகளை, வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திராமல், எழுதித் தந்த நேரத்துக்கு எடுங்கள். மோர்பின், டிரமடோல் போன்றவை கடும் மலச்சிக்கலைத் தரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீரும் பப்பாசியும் கீரையும் கூடச் சேரட்டும். முக்கி மலம் கழிப்பது காயத்துக்கும் முதுகுக்கும் வேதனை. இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தாமல் வைத்தியர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறையுங்கள். பனடோல் (பரசிற்றமோல்) வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு; வேறு பெயரில் தரப்படும் மாத்திரைகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கலாம் என்பதால் கூட்டிப் பாருங்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபன் வகை மாத்திரைகள் என்பு பொருந்துவதைத் தடைசெய்யக்கூடும் என்பதால் பல நிபுணர்கள் முதல் சில மாதங்களுக்கு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பாமசியில் முதுகுவலி என்று சொல்லிக் கேட்டால் இவற்றையே தரக்கூடும். உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் நிறுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புண் ஆறவும் எலும்பு வளரவும் புரதம் வேண்டும், அதுவும் பசியே எடுக்காத காலத்தில் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, பயறு, தயிர் ஆகியவற்றைச் சிறுசிறு அளவாகப் பல நேரம் கொடுங்கள்; முள்ளோடு உண்ணும் நெத்தலியில் கல்சியமும் உண்டு. விற்றமின் டி அளவைப் பரிசோதித்துக் குறைவாயின் மருந்து எடுங்கள். சிகரெட் என்பு பொருந்துவதைப் பாதிக்கும் காரணிகளில் முன்நிற்பது. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிகொட்டின் இருக்கிறது என்பதை வயதானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தையல் பொதுவாக 10 முதல் 14 நாட்களில் அகற்றப்படும். அதுவரை காயம் நனையக் கூடாது. கடலும் நீச்சல் தடாகமும் தழும்பு முழுமையாக மூடிய பின்னரே. கொழும்பின் புழுக்கத்தில் முதுகு வியர்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் தளர்வான பருத்தி ஆடையும் மின்விசிறியும் தேவை. அன்பு மிகுந்த உறவினர்கள் கொண்டுவரும் எண்ணெய்களைக் காயத்தின் மேலோ முதுகிலோ தேய்க்க அனுமதிக்காதீர்கள். தழும்பைச் சுற்றிய மரத்த உணர்வு பல மாதங்கள் நீடிக்கலாம், அது வழமையானது.

வழமையல்லாதவை வேறு. 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிவு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, காலில் புதிய பலவீனம், பாதம் தூக்க முடியாமை, மலவாயைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல் ஏற்பட்டால் விடியும்வரை காத்திராமல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

மனமும் வேலையும்

வலி குறையத் தொடங்கும் வாரங்களில், பார்க்க வருபவர்கள் குறைந்து வீடு தன் வழமைக்குத் திரும்பும்போது, பலருக்கு அழுகை வரும். கண்ணாடியில் தெரியும் உடல் தனதல்ல என்று தோன்றும். சமநிலை மாறியதால் முன்னே சாய்ந்துவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கும். பழைய சட்டைகள் தோளில் வேறு விதமாக உட்காரும். உடல் புதிய நிலைக்குப் பழகப் பழக இவை தணியும். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் தொடர்ந்தால், அதையும் நோயின் பகுதியாகக் கருதி வைத்தியரிடம் சொல்லுங்கள். “இந்த வயதில் இது தேவையா?” என்று கேட்பவர்களை வீட்டார் வாசலிலேயே அன்போடு அமைதிப்படுத்த வேண்டும்.

அலுவலக வேலைக்கு இரண்டு முதல் நான்கு மாதங்களில், முதலில் அரை நாளாக, திரும்பலாம். உடலுழைப்பு வேலைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் செல்லும். தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறோம். பொதுவாக ஆறு வாரங்களுக்குப் பின், முதுகை வளைக்காத நிலையில் தடையில்லை, எனினும் உங்கள் நிபுணரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்மருத்துவர் தொடக்கிவைக்கட்டும். முறுக்கும் யோகாசனங்களைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது வழக்கம். நலமாக இருக்கிறேன் என்று எண்ணிக் கடைசி இரண்டையும் கைவிடாதீர்கள்; கம்பி முறிவும், இணைப்புக்கு மேலே உள்ள முள்ளெலும்பு முன்சரிவதும் வலியின்றியே தொடங்கலாம். முதுகில் ‘டக்’ என்ற சத்தமோ, திடீரெனப் புதிய வலியோ, உயரம் குறைவதோ தெரிந்தால் தவணை நாளுக்குக் காத்திராமல் செல்லுங்கள். டயக்னோசிஸ் கார்ட், சத்திரசிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை இணைக்கப்பட்டது, உலோகம் எது என்பதை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போதும், முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்ய வேண்டிய வேறொரு சத்திரசிகிச்சையின்போதும் முதலில் கேட்கப்படுவது அந்த விவரம்தான்.