அரபு உலகின் கல்வி வரலாறு: பார்வை நூல்களைத் திறக்கப் பழகுவோம்

அரபு நாடுகளின் கல்வி, வரலாறு, சமூகம் பற்றிப் படிக்க ஆசைப்படும் பலர், தடிமனான பொது வரலாறு ஒன்றை வாங்கி ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு அகராதிக்குள் நுழைந்து, கலைக்களஞ்சியம் வழியாக மனிதர்களிடம் போய்ச் சேருங்கள். பார்வை நூல்கள் ஒவ்வொன்றிலும் விஷயத்தை அடுக்கியிருக்கும் விதம் வேறு. அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவை யார் நடத்தினார்கள், அங்கே யார் பாடம் சொன்னார்கள்? இதற்கு அரபி சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. 28 எழுத்துகளும் அவற்றின் வரிசையும் தெரிந்தால் போதும். மற்றதை ஆங்கிலத்தில் படிக்கலாம். சிறுவயதில் ஓதப் பழகியவர்களுக்கு அந்த எழுத்துகள் ஏற்கெனவே கைவசம் இருக்கும்.

முதல் படி: சொல்லின் வேர்

அரபி–ஆங்கில அகராதிகளில் தொடக்கத்துக்கு ஏற்றது ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த அகராதி. அதன் ஆங்கிலப் பதிப்பு 1961-இல் வந்தது. அதில் 'மதரஸா'வை 'மீம்' எழுத்தின் கீழ் தேடினால் கிடைக்காது. சொற்கள் வேர் வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் இருக்கும் 'ம' இடத்தைக் குறிக்க வந்து ஒட்டிக்கொண்டது. அதை நீக்கிவிட்டால் தால், ரா, சீன் என்ற மூன்றெழுத்து வேர் நிற்கும். எனவே 'தால்' எழுத்துக்குப் போக வேண்டும்.

அங்கே 'தரஸ' என்ற வினைக்கு மூன்று பொருள் இருக்கும்: அழிந்து தேய்தல், தானியத்தைப் போரடித்தல், படித்தல். கதிரை மிதித்து மிதித்து மணியைப் பிரிக்கும் வேலையும் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றும் வேலையும் ஒரே வேரின் கீழ் அடுத்தடுத்து நிற்பதை முதன்முறை பார்த்தபோது, அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அதே வேரின் கீழ் தர்ஸ் (பாடம்), முதர்ரிஸ் (ஆசிரியர்), தத்ரீஸ் (கற்பித்தல்) எல்லாம் இருக்கும். மக்தப் (தொடக்கப் பள்ளி), மஸ்ஜித் (பள்ளிவாசல்) இரண்டையும் இதே முறையில் நீங்களே பிரித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்தில் படித்துப் பழகியவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நாம் 'த' என்று ஒன்றாக எழுதும் இடத்தில் அரபியில் தா, தால் எனப் பல எழுத்துகள் உண்டு. 'ஸ', 'ஹ' கதையும் அப்படித்தான். வேரைத் தேடும் முன் அரபி எழுத்தில் சொல்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எட்வர்ட் லேனின் பேரகராதி இன்னும் ஆழமானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் லேன் 1876-இல் இறந்தபோது 21-ஆவது எழுத்தில்தான் இருந்தார். அதற்குப் பிந்தைய எழுத்துகள் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டவை. அந்தப் பகுதி மெலிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: கலைக்களஞ்சியம்

லெய்டனில் பிரில் பதிப்பகம் வெளியிடும் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்துக்கு மூன்று பதிப்புகள் உண்டு. முதலாவது 1913-இல் வரத் தொடங்கியது; இரண்டாவது 2005-இல் நிறைவடைந்தது; மூன்றாவது 2007 முதல் வந்துகொண்டிருக்கிறது. முதற்பதிப்பை இணைய ஆவணக் காப்பகத்தில் படிக்கலாம். மற்றவற்றுக்குப் பல்கலைக்கழக நூலகம்தான் வழி.

இரண்டாம் பதிப்பில் தலைப்புகள் பெரும்பாலும் அரபிச் சொற்களே. பள்ளிவாசல் பற்றிய கட்டுரை 'மஸ்ஜித்' என்ற தலைப்பில் இருக்கும். 'ஜ' ஒலியை அதில் டி, ஜே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதுவார்கள். ஆகவே 'ஜாமிஉ'வை (பெரிய பள்ளிவாசல்) டி வரிசையில் தேட வேண்டும். பெயருக்கு முன் வரும் 'அல்' கணக்கில் சேராது. இந்த மூன்றும் தெரியாமல் "இதில் ஒன்றுமே இல்லை" என்று எழுந்துபோனவர்கள் உண்டு.

மதரஸா கட்டுரையைப் படிக்கும்போது 'வக்ஃப்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் சம்பளமும் மாணவரின் உணவும் அந்த அறக்கட்டளைச் சொத்திலிருந்து வந்தவை.

மூன்றாம் படி: ஆண்டு

ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். நிஜாமிய்யா திறக்கப்பட்ட 459-க்குக் கிடைப்பது 1067. ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். நோட்டில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

நான்காம் படி: மனிதர்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சமூக வரலாற்றுக்கு அரபியில் உள்ள பெரும் செல்வம் வாழ்க்கைக் குறிப்பு அகராதிகள். 1282-இல் மறைந்த இப்னு கல்லிகான் தொகுத்ததில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது.

இங்கே அடுக்குமுறை இயற்பெயர்ப்படி. புகழ்பெற்ற இறையியல் அறிஞர் கஸ்ஸாலியைத் தேடுபவர் 'முஹம்மத்' என்ற பெயரில் தேட வேண்டும். நிஜாமிய்யாவைக் கட்டிய சல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் இயற்பெயர் 'ஹஸன்'. 'அபூ' என்று தொடங்குவது இன்னாரின் தந்தை என்று அழைக்கும் பெயர். 'தூஸீ' போல முடிவது ஊர்ப்பெயர். இருவருமே தூஸ் பகுதிக்காரர்கள் என்பதை அந்த ஊர்ப்பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

கஸ்ஸாலி நிஜாமிய்யாவில் பாடம் சொன்னது 1091 முதல் 1095 வரை. விலகியது ஏன் என்பதைத் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் அவரே எழுதியிருக்கிறார்: பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் இந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

பெண்கள் எங்கே என்று கேட்பவர்கள், 1497-இல் மறைந்த சகாவீயின் அகராதியைப் பார்க்க வேண்டும். அவருடைய நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அதன் கடைசித் தொகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். ஹதீஸ் கற்றவர்கள், கற்பித்தவர்கள் என்று பலர் அதில் வருகிறார்கள்.

ஐந்தாம் படி: ஆய்வாளர்களின் வாதம்

ஜார்ஜ் மக்திஸி 1981-இல் எழுதிய நூல், மதரஸாவை வக்ஃப் சட்டத்தின் மேல் எழுந்த நிறுவனமாகப் பார்க்கிறது. கெய்ரோவைப் பற்றி 1992-இல் ஜொனாதன் பெர்க்கி எழுதியது, கட்டடத்தைவிட ஆசிரியர்–மாணவர் உறவையே முன்னிறுத்துகிறது. 'இஜாஸா' என்ற அனுமதியைக் கொடுத்தவர் ஆசிரியர், நிறுவனம் அல்ல. எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகத் தெரிகிறது. வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கும்போது "எங்கே படித்தார்" என்பதைவிட "யாரிடம் படித்தார்" என்பதே அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா' என்ற நூலின் ஆறாம் அத்தியாயத்தை இதற்குப் பிறகு திறந்தால் நன்றாகப் புரியும். குழந்தைகளுக்கு மக்ரிபில் (வடமேற்கு ஆப்பிரிக்கா) குர்ஆன் மட்டும், அந்தலூஸில் (முஸ்லிம் ஸ்பெயின்) அதோடு கவிதையும் இலக்கணமும் எழுத்தும் என்று ஊருக்கு ஊர் பாடமுறையை ஒப்பிடுகிறார். மாணவரைக் கடுமையாக நடத்தினால் பொய்யும் சூதும்தான் பழகும் என்றும் எச்சரிக்கிறார்.

நவீன காலத்துக்கு வருபவர்கள் இரண்டு ஆண்டுகளிலிருந்து தொடங்கலாம்: எகிப்திய அறிஞர் தஹ்தாவீ பாரிஸ் சென்ற 1826, கெய்ரோவில் மொழிகள் பள்ளி தொடங்கிய 1835.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. அதே பாக்தாதில் ஹிஜ்ரி 631-இல் திறக்கப்பட்டது முஸ்தன்ஸிரிய்யா. நிஜாமிய்யா ஷாஃபிஈ மத்ஹபுக்கு (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவு) மட்டும் உரியது. இங்கே நான்கு மத்ஹபுகளுக்கும் இடம் இருந்தது. ஆண்டை மாற்றுங்கள், பெயரின் வேரைக் கண்டுபிடியுங்கள், கட்டிய கலீஃபா யார் என்று பாருங்கள். நான்குக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் கொடுக்க அவருக்கு என்ன தேவை இருந்தது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.