செட்டிநாட்டுச் சிற்பப் பலகையைச் சுவரில் பொருத்தும் முறை

செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது அவற்றின் தூண்களும் கதவுகளும், தலைவாசல் நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமி பலகைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து நகரத்து வீடுகளுக்குச் செல்கின்றன. அந்தப் பலகைகள் பழைய வீட்டில் ஒருபோதும் ஆணியில் தொங்கியதில்லை. அவற்றின் பாரம் நிலைச்சட்டத்தின் மேல் அமர்ந்திருந்தது. புதிய வீட்டிலும் பாரத்தைக் கீழிருந்தே தாங்க வேண்டும். மேலே போடும் பிடிப்பு, பலகை முன்னே சாயாமல் இருப்பதற்கு மட்டுமே.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். தேக்கு ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். ஆகவே 6 அடி நீளமும் 1 அடி அகலமும் 3 அங்குலக் கனமும் கொண்ட பலகை, செதுக்கியதில் போனது தவிர, 27 கிலோ வரை வரும்.

அடுத்தது சுவர். முழுச் செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும், துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஹாலோ பிளாக்கிலும் எடை குறைந்த வெள்ளை பிளாக்கிலும் திருகாணிக்காகத் துளையில் செருகும் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் காலப்போக்கில் தளர்ந்துவிடும் என்பதால், அத்தகைய சுவரில் பலகையை மாட்டாமல் ஓர் உயரமான மேசையிலோ, தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்திலோ வைப்பதே நல்லது. சுவர் உறுதியானது என்றால், பலகையின் அடிவிளிம்பைத் தாங்க எல் வடிவ இரும்புத் தாங்கிகள் இரண்டைச் சுவரில் பொருத்தி, இரும்பு மரத்தைத் தொடாதபடி தக்கைத் தாளையோ தடித்த ஃபெல்ட் துணியையோ இடையில் வையுங்கள். மேல்விளிம்பு முன்னே சாயாமல் பிடிக்க, ஃபெல்ட் ஒட்டிய சிறு பித்தளைக் கொக்கிகள் போதும்.

பலகையில் புதிய துளை போட வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். துளையை அடைக்கலாமே தவிர, போன மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மேலும், மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலவாக்கில் விரிந்து, கோடையில் சுருங்கும். மேலும் கீழும் இறுக்கித் திருகப்பட்ட பலகைக்கு அசைய இடமில்லாததால் அது வெடித்துவிடுகிறது. கொக்கிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்றோட்டம் இருக்கட்டும். மழைச்சாரல் படும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், ஏசி காற்று நேராக வீசும் இடம், மாலை வெயில் விழும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தூக்கும்போது இருவர் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். யானையின் துதிக்கையும் தேவியின் கையும் கைப்பிடிகள் அல்ல.

தூணாக இருந்தால், கறையான் ஏறாதபடி ஒரு கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தி, தலைப்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பிணைப்பு கட்டாயம்.

பழைய வண்ணப்பூச்சின் மிச்சம் தெரிந்தால் உப்புத்தாளால் தேய்க்கவோ வார்னிஷ் பூசவோ கூடாது. அந்த மங்கிய பச்சையும் சிவப்பும் பலகையின் வயதுக்குச் சாட்சி. பல கடைகள் அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி விற்பது வருத்தத்துக்குரியது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம்.

மாதம் ஒருமுறை பலகையின் அடியில் மாவு போன்ற மென்பொடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்த பின்பும் மீண்டும் பொடி சேர்ந்தால் உள்ளே வண்டு மரத்தை அரிக்கிறது என்று பொருள். உடனே பலகையை இறக்கி, மற்ற மரச்சாமான்களிலிருந்து விலக்கி வைத்து, பூச்சி மருந்து அடிப்பவரை அழையுங்கள்.