நோயாளிக்கு உதவும் அமைப்புகள் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

மதுரைப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வருகிறேன். மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதுதான் எங்கள் வேலை. இத்தனை ஆண்டுகளில் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்ட சக அமைப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்; அவர்களில் ஏமாற்றுக்காரர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் நல்ல மனத்தோடு அவசரப்பட்டவர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து, நாளைக் காலைக்குள் பணம் கட்டினால்தான் அறுவை சிகிச்சை என்று கலங்கி நிற்கும்போது ரசீதையும் பிரிவு எண்ணையும் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த இரவு எடுத்த முடிவால் அமைப்பின் பதிவே ரத்தாகுமானால், அடுத்த ஆண்டு அதே வாசலில் வந்து நிற்கப்போகும் நோயாளிக்கு உதவி இருக்காது. அந்த அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன், இதய வால்வு மாற்ற வேண்டியிருந்த ஒரு நெசவாளரின் மனைவிக்காக 38,000 ரூபாயை ரொக்கமாகவே அவர் கையில் கொடுத்தோம். ரசீதுப் புத்தகத்தில் அவருடைய கைநாட்டு இருந்தது; சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அதை அறப்பணிக்காகச் செலவிட்ட தொகையாக வருமான வரிச் சட்டம் ஏற்பதில்லை. வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டதாகக் காட்டினால்தான் முழு வரிவிலக்கு கிடைக்கும் என்பதால், உண்மையிலேயே செலவான பணம் கணக்கில் செலவாகாத பணமாக நின்றுவிடும். அன்று முதல் நாங்கள் நோயாளியின் கையில் பணம் கொடுப்பதில்லை. உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறோம். அரசு மருத்துவமனையில் வெளியே வாங்கிவரச் சொல்லும் பொருளாக இருந்தால் விற்பனையாளரின் கணக்குக்கு அனுப்பிப் பட்டியலை நோயாளி பெயரில் வாங்குகிறோம். செலவு மதிப்பீட்டுக் கடிதம், இறுதிப் பட்டியல், வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம் ஆகிய மூன்றும் கோப்பில் இல்லாமல் ஒரு கோப்பையும் மூடுவதில்லை.

பணம் வரும் பக்கத்திலும் கவனம் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை கொடுத்தவருக்கு, நன்கொடைக்கு உரிய 80ஜி பிரிவின் வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்து, அவரவர்க்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். திருவிழாக்களில் உண்டியல் வைத்துத் திரட்டும் பெயரில்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி உண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது வருமான வரித் துறையிடம் பெற்ற பதிவைப் புதுப்பிக்கும் நாள். 2021இல் புதிய முறைப்படி மறுபதிவு பெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு ஐந்தாண்டுக் காலம் 2026 மார்ச் வரைதான். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. பழைய எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தை அப்படியே பயன்படுத்தலாமா என்று தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் செய்யும் பிழை இதைவிடப் பெரிய விளைவைத் தரும். நம் ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்தோ கனடாவிலிருந்தோ, ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே, நான் ஐம்பதாயிரம் அனுப்புகிறேன்’ என்பார். அவர் நம்மவர்தான், ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பார்ப்பது ஊரையோ பெயரையோ அல்ல, கடவுச்சீட்டை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. விடுமுறைக்கு வந்தவர் மதுரையில் நின்றுகொண்டு இந்திய ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. பதிவு உள்ள அமைப்பும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

அதே திருத்தம் ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் முற்றிலும் தடுத்துவிட்டது. ‘உங்களிடம் பதிவு இருக்கிறதே, எங்களுக்காக வாங்கிக் கொடுங்கள்’ என்று கேட்பதும், நட்புக்காக அதற்கு இணங்குவதும் இரு தரப்புக்குமே ஆபத்து. இணையவழி நன்கொடைப் பக்கம் வைத்திருக்கும் சிறிய அமைப்புகள், பணப் பரிவர்த்தனை நிறுவனத்திடம் சொல்லி வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் தானாக வந்து கணக்கில் விழுந்த பிறகுதான் தெரியவரும். எங்களிடம் அப்படி யாராவது கேட்டால், மருத்துவமனைப் பட்டியலை அவருக்கே அனுப்பி, மருத்துவமனையிடம் நேரே கட்டிவிடச் சொல்கிறோம்.

மருந்து விஷயத்தில் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது, ஏனென்றால் அது தவறு என்றே தோன்றாது. புற்றுநோயால் ஒருவர் இறந்துபோன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் வீட்டார் மீந்த மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வோர் அட்டையும் ஆயிரக்கணக்கில் விலை உள்ளது. சிலவற்றில் இரண்டே மாத்திரைகள் எடுத்திருப்பார்கள். அதே மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் பெயரும் நம் பதிவேட்டில் இருக்கும். கொடுத்துவிடத்தான் கை துடிக்கும். ஆனால் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் மருந்தை விற்பதை மட்டுமல்லாமல், விநியோகிப்பதையும் தடுக்கிறது. இலவசம் என்பது அங்கே விடையாகாது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நல்லெண்ணத்தோடு மருந்து வாங்கிச் சேமித்துக் கொடுத்தவர்கள்மீதே இந்தச் சட்டத்தின்கீழ் புகார்கள் எழுந்தன. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய ஊசி மருந்து அந்த வீட்டில் மின்வெட்டின்போது எப்படிக் கிடந்தது என்பதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. வலி நிவாரண மாத்திரைகளில் மார்ஃபின் இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதை வாங்கி அலமாரியில் வைக்காமல், வழங்கிய வலி தணிப்பு மையத்திடமே திருப்பிக் கொடுக்கும்படி வீட்டாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து வாங்கித் தருவதென்றால், நோயாளியின் மருந்துச் சீட்டைக் காட்டி உரிமம் பெற்ற கடையில் அவர் பெயருக்கே பட்டியல் போடச் செய்வதுதான் பாதுகாப்பான வழி.

உறுப்பு மாற்று சிகிச்சைக்கு உதவுவோர் ஒரு வாக்கியத்தால் சிறைக்குப் போக நேரலாம். ‘ஓ பாசிட்டிவ் கிட்னி தேவை, கொடுப்பவருக்குத் தகுந்த உதவி செய்யப்படும்’ என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பலர் இரக்கத்தில் பகிர்கிறார்கள். பணத்துக்கு உறுப்பு தர ஆள் தேடுவதும், அதற்கு விளம்பரம் செய்வதும், இடையில் நின்று ஏற்பாடு செய்வதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டுவரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டித் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாகப் புகார் எழுந்த பிறகு, இந்தச் சட்டம் எதற்காக இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. நெருங்கிய உறவினர் அல்லாதவர் தானம் செய்ய வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்கான உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாரித்துக் கொடுப்பதும், கொடையாளரைக் குழுவின் முன் அழைத்துப் போவதும் உங்கள் தொண்டரின் வேலை ஆகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்புதல் கிடைத்த பின் அறுவை சிகிச்சைக் கட்டணத்தை மருத்துவமனைக்குச் செலுத்துங்கள். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பதிவு செய்யும் முறையை எடுத்துச் சொல்லுங்கள். உதவி அவ்வளவோடு நிற்கட்டும்.

முகாம் நடத்துவோருக்கு இரண்டு சொற்கள். முகாமில் பார்க்கும் மருத்துவர்கள் அனைவரின் பதிவு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு உதவுவதாக நினைத்துக் கையடக்க ஸ்கேன் கருவியை முகாமுக்கு வரவழைக்காதீர்கள்; பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறாத இடத்தில் அதைப் பயன்படுத்துவது குற்றம்.

மருத்துவமனைகளோடு உள்ள உறவைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல வேண்டும். ‘மாதம் பத்து நோயாளிகளை அனுப்புங்கள், தலைக்கு இவ்வளவு உங்கள் அறக்கட்டளைக்கு நன்கொடையாக வரும்’ என்று கேட்கும் குரலை இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்டிருப்பார்கள். நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தொகைக்கு நன்கொடை என்று பெயர் வைத்தாலும், எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று நம்மை நம்பிக் கேட்ட நோயாளிக்கு நாம் செய்தது அதனால் மாறிவிடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புக்காகக் குறைத்துச் சொல்லி வருமானச் சான்று வாங்கும்படி நோயாளிக்கு யோசனை சொல்வதும், அட்டை எடுத்துத் தருவதற்குச் ‘சேவைக் கட்டணம்’ வாங்குவதும் உதவி ஆகாது.

இறுதியாக, என்னை இன்றும் உறுத்தும் ஒன்று. பத்து ஆண்டுகளுக்கு முன், நோயுற்ற ஒரு சிறுமியின் படத்தைப் பெயர், ஊர், நோயின் பெயர் எல்லாம் போட்டு வெளியிட்டு நிதி திரட்டினோம். பணம் சேர்ந்தது, அவளும் குணமானாள். சென்ற ஆண்டு அவளே தொலைபேசியில் அழைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் பெயரை இணையத்தில் தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ‘அதை எடுத்துவிட முடியுமா, சார்?’ என்று மட்டுமே கேட்டாள். எங்கள் பக்கத்திலிருந்து அன்றே எடுத்துவிட்டோம். மற்றவர்கள் பகிர்ந்த பிரதிகளை எங்களால் எடுக்க முடியவில்லை.

2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகளும் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வைக்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கத்தக்க வகையில் பெற வேண்டும் என்று அது கேட்கிறது. எச்ஐவி தொற்று உள்ளவரின் நிலையை 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் காக்கிறது. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தருவதை அதே ஆண்டின் மனநலச் சட்டம் தடுக்கிறது. மருத்துவமனைக் கோப்பைப் படமெடுத்துத் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கோப்பைப் பார்க்க வேண்டியவர் இரண்டு பேருக்கு மேல் இருக்க மாட்டார்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எங்கள் சம்மதப் படிவத்தை ஒரே பக்கத்துக்குச் சுருக்கி, பெரிய எழுத்தில், பேசும் தமிழுக்கு நெருக்கமாக மாற்றி எழுதினோம். முகம் காட்டலாமா, பெயரை மாற்றலாமா, எத்தனை மாதம் இருக்கலாம், நோயாளி இறக்க நேர்ந்தாலோ பணம் மீந்தாலோ அதை யாருக்குத் தரலாம் என்று தனித்தனியே கேட்கிறோம். படிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டு ஆள் ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டுகிறோம். படிவத்தின் முதல் வரி இது: ‘நீங்கள் இதில் கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்களுக்கு உதவி உண்டு.’