போக்குவரத்தை நிறுத்தாமல் பழைய நெடுஞ்சாலை மேம்பாலத்தை மாற்றுவது: டர்பன் பகுதிக்கான வழிமுறை

மேம்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையில் முதலில் வரைய வேண்டியது, வேலை நடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டிகள் எங்கே ஓடப்போகின்றன என்ற வரைபடம். தூண் எங்கே நிற்கும், உத்திரம் எவ்வளவு நீளம், தளத்தை எந்த முறையில் போடுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரான டர்பனில் என்2, என்3 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஈ.பி. குளூட்டி சந்திப்பைச் சுற்றித் துறைமுக லாரிகளும் வீட்டுக் கார்களும் மினிபஸ் டாக்ஸிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. சட்டப்படி ஒரு லாரித் தொடரின் மொத்த எடை 56 டன் வரை இருக்கலாம். அத்தனையையும் ஊருக்குள் திருப்பிவிடும் திட்டம் திட்டமே ஆகாது.

மாற்றத்தான் வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் பாலங்களை டி.எம்.எச். 19 என்ற சாலைக் கட்டமைப்பு ஆய்வுக் கையேட்டின்படி ஆய்வு செய்கிறார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் அதன் கடுமை, பரவல், பாலத்தின் பாதுகாப்பைப் பாதிக்கும் அளவு, அவசரம் என்று நான்கு மதிப்பீடுகள். இவற்றில் மூன்றாவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் பெரிய வெடிப்பு இருந்தாலும் பாலம் நிற்கும். தாங்கிக்கு (தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே உள்ள மெத்தைக்கு) மேலே உத்திர முனையில் மயிரிழை அளவு சாய்வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

ஏறிப் பார்க்க வேண்டிய முதல் இடம், வெயிலில் தளம் நீளச் சுருங்க இடம்விடும் விரிவு இணைப்புகளின் அடிப்பக்கம். மழைநீர் அங்கேதான் இறங்கி, உத்திர முனையையும் தாங்கியையும் தூண் தலையையும் அரிக்கிறது. ஓர் உத்திரத்தின் முனையைப் படிபோல் வெட்டி அடுத்ததை அதன்மேல் உட்காரவைத்த பழைய பாலங்களில் ஆபத்து இன்னும் அதிகம். அந்த இடுக்குக்குள் கண்ணும் போகாது, கையும் போகாது.

கான்கிரீட்டை உடைத்த புதுமுகத்தில், காரத்தைக் காட்டும் பினாப்தலீன் திரவத்தைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறாத ஆழம் வரை கான்கிரீட் காரத்தன்மையை இழந்துவிட்டது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால் துருவுக்கு வழி திறந்தாயிற்று. கடலோரத்தில் உப்பிலிருந்து வரும் குளோரைடும் அளக்க வேண்டும். கம்பியின் ஆழத்தில் அது சிமெண்ட் எடையில் சுமார் 0.4 விழுக்காட்டைத் தாண்டினால் அரிப்பு தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்தால், மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டும் இடங்களில் துரு நடந்துகொண்டிருக்க வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல்.

பழுது உத்திர முனைகளில் மட்டும் என்றால் இணைப்பை மாற்றி, ஒட்டுப்போட்டு, பாலத்தை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள், அதாவது முன்தகைவு கேபிள், செல்லும் குழாய்க்குள் குளோரைடு போயிருந்தால் ஒட்டு வேலை பணவிரயம். ஓரத் தடம் இல்லாத குறுகிய பாலமும் மாற்றத்துக்கு நியாயமான காரணம்: நின்றுபோன ஒரே வண்டி ஒரு தடத்தையே அடைத்துவிடும், பின்னால் வருபவன் அதில் மோதுவான். புதிய பாலத்தில் 3.7 மீட்டர் தடங்களும் 3 மீட்டர் ஓரமும் கேளுங்கள்.

வண்டிகளுக்கு இடம்

வழிகள் மூன்று. பக்கத்தில் நிலம் இருந்தால் புதிய பாலத்தை அங்கே கட்டி, வண்டிகளை மாற்றிவிட்டுப் பழையதை இடிப்பது, இதுவே பாதுகாப்பானது. நிலம் இல்லையென்றால் பாதி அகலத்தை இடித்துப் பாதியில் ஓட்டுவது. மூன்றாவது, பக்கத்தில் தற்காலிகத் தூண்களில் தளத்தைக் கட்டி, ஒரு வார இறுதியில் நகர்த்தி உட்காரவைப்பது. ஒன்றிரண்டு கண் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) உள்ள குட்டைப் பாலத்துக்கு அது பொருந்தும், நீண்ட மேம்பாலத்துக்குப் பொருந்தாது.

பாதிப்பாதியாகச் செய்வதானால் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். வேலைநடக்கும் இடத்தில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 1,600 வண்டிகளைத்தான் விடும். உச்ச நேரத்தில் ஒரு திசையில் 4,500 வண்டிகள் வருகின்றன, இரண்டு தடம்தான் திறந்திருக்கிறது என்று வையுங்கள். 3,200 போகும்; ஒரு மணி நேரத்தில் 1,300 வண்டிகள் தேங்கும். வண்டிக்கு 7.5 மீட்டர் என்றால் இரண்டு வரிசையில் கிட்டத்தட்ட 5 கி.மீ. வால். உயிர்கள் போவது அந்த வாலின் நுனியில். அதனால் எச்சரிக்கைப் பலகையின் தூரத்தை வேலைத்தளத்திலிருந்து அளக்காமல், வால் எட்டக்கூடிய கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். தற்காலிகப் பலகைகளின் மஞ்சள் பின்னணி இரவில் பளிச்சென்று தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை காரில் ஓட்டிப் பாருங்கள்.

உள்நாட்டிலிருந்து டர்பனுக்கு வரும் சாலைகள் நெடுந்தூரம் இறங்கியே வருகின்றன. சூடேறிய பிரேக்கோடு வரும் லாரிக்கு முன்னால் நிற்கும் வரிசையை வைக்கக் கூடாது. 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் நிற்காமல் வந்த ஒரு லாரி மோதி 24 பேர் இறந்தார்கள். மாற்றுவழி வரையும்போது சரிவுச் சாலைகளைக் கனரக வண்டிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தற்காலிகத் தடங்களில் லாரி ஓடும் இடதுபக்கத் தடத்துக்கு 3.3 மீட்டரும் மற்றதுக்கு 3 மீட்டரும் விடுங்கள். எதிர்த்திசை வண்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கூம்பு போதாது, கான்கிரீட் தடுப்பு வேண்டும். டாக்ஸிகள் வழக்கமாக ஆள் ஏற்றும் இடங்களைக் காலை ஐந்து மணிக்கே போய்ப் பார்த்துக் குறியுங்கள். மாற்று நிறுத்தம் கொடுக்காவிட்டால் ஜனங்கள் வேலைத்தளத்துக்குள்ளேயே நடந்து கடப்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை எந்தத் தடத்தையும் மூடாதீர்கள். ஈஸ்டர் வாரமும் அப்படியே: உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வரும் கூட்டத்தோடு, பெரிய வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில்களுக்குப் போகும் கூட்டமும் சேரும். தைப்பூசக் காவடிக்குத் தேதி ஆண்டுதோறும் மாறும். கோயில் நிர்வாகங்களிடம் கேட்டு அட்டவணையில் போடுங்கள்.

மண்ணும் பைலும்

டர்பன் மேட்டுப் பகுதியில் பெரியா செம்மணல். காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும், சுமையோடு தண்ணீரும் சேர்ந்தால் சரியும். துறைமுகத் தாழ்வுப் பகுதியில் மென்களிமண்ணும் மணலும் மாறிமாறி வரும். எனவே ஒவ்வொரு தூணுக்கும் தனித் துளையிட்டுப் பாருங்கள். புதிய தூண்கள் பழைய பைல்களின் (தூணைத் தாங்க மண்ணுக்குள் இறக்கிய கம்பங்களின்) மேல் விழாதபடி கண்களின் நீளத்தை மாற்றி அமையுங்கள். நிலத்துக்கடியில் இருக்கும் பழைய பைலைப் பிடுங்குவதைவிட உத்திரத்தை நீட்டுவது மலிவு. வண்டிகள் ஓடும் பாலத்தின் அருகே பைலை அடித்து இறக்காமல் துளையிட்டு ஊற்றுங்கள். பழைய தூண்களில் அளவுக்குறிகள் ஒட்டி, பைல் போடும் நாட்களில் காலையும் மாலையும் மட்டம் எடுங்கள்.

தளமும் சாரமும்

இணைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 300 மீட்டர்த் தொடர்தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 108 மி.மீ. நீளும், சுருங்கும். நடுத்தூணில் நிலையாகப் பிடித்தால் முனைக்கு 54 மி.மீ.; இரண்டு முனைகளிலும் தலா ஓர் இணைப்பு போதும். பொருத்தும் நாளில் காற்றின் வெப்பத்தைப் பார்த்து இடைவெளி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தளத்துக்குள் இருக்கும் வெப்பமானியைப் பாருங்கள்.

கடலோரத்தில் கம்பியை மூட 50 முதல் 60 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட்டும், 30 விழுக்காடு ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) அல்லது 50 விழுக்காடு இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டும் வேண்டும். இந்தக் கலவைகள் மெதுவாக இறுகும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கும் சோதனை வலிமையைத்தான் சொல்லும். மேல்தோல் உப்பை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு 70 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. தடிமனும் உள்ள வில்லைகளில் ஆக்ஸிஜன் ஊடுருவலும் குளோரைடு கடத்தலும் பார்க்க வேண்டும்.

15.2 மி.மீ. கேபிள் இழை சுமார் 260 கிலோநியூட்டனில் அறும்; முக்கால் பங்கு, அதாவது 195 வரை இழுக்கலாம். நீட்சி கணக்கைவிடக் குறைந்தால் குழாய்க்குள் எங்கோ சிக்கியிருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டி இழுக்காமல், இழுவையைத் தளர்த்திவிட்டுத் தேடுங்கள்.

சாரத்திலும் பாலத்தை நகர்த்தும் வேலையிலும் உயிர் போகிறது. 2015 அக்டோபர் 14 அன்று ஜோகன்னஸ்பர்க் கிரேஸ்டனில் எம்1 சாலைக்கு மேலே கட்டிய தற்காலிகச் சாரம் சாலையில் விழுந்து இருவர் இறந்தார்கள். 1998 ஜூலை 6 அன்று தென்னாப்பிரிக்காவின் இன்ஜாகா பாலத்தைத் தள்ளி நகர்த்தும்போது அது இடிந்து விழுந்து 14 பேர் இறந்தார்கள்: நழுவு தாங்கிகள் தளத்தின் செங்குத்துச் சுவருக்கு நேர்கீழே இல்லாமல், அதன் மெல்லிய அடிப்பலகையின் கீழ் வைக்கப்பட்டிருந்தன. சாரத்துக்கும் தனி வடிவமைப்பாளர், தனிக் கையெழுத்து, ஊற்றுவதற்கு முன் தனிச் சோதனை வேண்டும். ஒவ்வொரு தாங்கியின் இடத்தையும் வரைபடத்தோடு நாடாவால் அளந்து பாருங்கள். வண்டிகள் ஓடும் சாலைக்கு மேலே சாரம் வந்தால், 4.3 மீட்டருக்கு மேற்பட்ட வண்டியைத் தடுக்கும் உயரச் சட்டத்தைத் திரும்பிப்போக வழி இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள்.

இடிப்பது

முதலில் தாரைச் சுரண்டி எடுங்கள். பலமுறை போட்ட தார் எதிர்பாராத எடை சேர்த்திருக்கும். பிறகு உத்திரங்களுக்கு நடுவே தளத்தை அறுத்து ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். 18 மீட்டர் நீள உத்திரம், தளத்துண்டோடு சேர்ந்து 12 கன மீட்டர் என்றால் 30 டன். கிரேன் அந்த எடையை அந்தத் தூரத்தில் தூக்குமா என்பதே கேள்வி. முழுத்திறன் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்தகைவுக் கேபிள் குழாய்களில் சிமெண்ட் கூழ் நிரம்பியிருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்காமல் அறுக்கவே கூடாது; நிரம்பாத கேபிள் அறுந்தால் நங்கூரம் வெளியே பாயும். தொடர்தளத்தில் ஒரு கண்ணை எடுத்தால் பக்கத்துக் கண்ணின் சுமை மாறும். கட்டிய வரிசையைத் தேடிப் பிடித்து அதையே தலைகீழாகப் பின்பற்றுங்கள், இடையில் முட்டுக் கொடுங்கள்.

திறக்கும் முன்

பாலமுனைச் சுவருக்குப் பின்னால் மண்ணை 150 மி.மீ. அடுக்குகளாகக் கெட்டியுங்கள். அவசரத்தில் ஒரே மூச்சில் கொட்டிய மண் முதல் கோடை மழையிலேயே இறங்கி, வண்டி குதிக்கும் பள்ளமாகும். அந்தக் குதிப்பு புதிய இணைப்பை உடைக்கும். தண்ணீர் லாரியால் தளத்தை நனைத்து, வடிகால் குழாய்கள் தூணுக்கு எட்டத் தள்ளி ஊற்றுகின்றனவா என்று கீழே நின்று பாருங்கள். தாங்கிகளின் தொடக்க நிலையைத் தேதியும் வெப்பமும் சேர்த்துப் பெயிண்டால் குறியுங்கள். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை அந்தக் குறியையும் முனைச் சுவரின் மட்டத்தையும் அளந்து, சாலை நிர்வாகத்தின் பாலப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.