பழைய வேகனா, புதிய டபுள் கெப்பா: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மச்சான் ஒரு மாதமாக இரண்டு வாகனங்களுக்கு நடுவே தவிக்கிறார். ஒன்று தொண்ணூறுகளின் டீசல் கொரோலா வேகன். மற்றது நாலைந்து வருடமே ஓடிய ஹைலக்ஸ் டபுள் கெப், அதாவது முன்னால் இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் உள்ளது. "எது புது மொடல்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். முதல் பிழை அதுதான். வாரத்தில் இரண்டு நாள் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை ஏற்றுபவர், மூட்டையில் இருந்து கணக்குத் தொடங்க வேண்டும்.

கெப் ஒரு டன் தாங்கும் என்பார்கள். அந்த ஒரு டன்னுக்குள் ஆட்களின் எடையும் அடங்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஐந்து பேர் ஏறினாலே முந்நூற்றைம்பது கிலோ போய்விடும். அப்புறம், தட்டு இடுப்பளவு உயரம். மூட்டையைத் தூக்கித்தான் போட வேண்டும். ஒக்டோபர் மழையில் தார்ப்பாய் கட்டாவிட்டால் பருப்பு ஊறிவிடும். வேகனில் பின்சீட்டை மடித்துத் தள்ளிவிட்டால் போதும், நனையாது. ஆனால் ஐம்பது கிலோ மூட்டை ஏழெட்டுக்கு மேல் போனால் பின்பக்கம் குந்திவிடும். சரக்கே இல்லாமல் கெப் ஓட்டினால், பின்னால் சுமைக்கென்றே விறைப்பாக வைத்த லீஃப் ஸ்பிரிங் ஒவ்வொரு குழியிலும் பிள்ளைகளைத் துள்ள வைக்கும்.

பழையது என்றால் செலவு, புதியது என்றால் நிம்மதி என்பதும் அப்படியே சரியல்ல. வேகனுக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடலாம். புதிய டீசல் கெப் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிய நல்ல சூடு வேண்டும். காலி வீதி நெரிசலில் தினமும் மூன்று கிலோமீற்றர் ஊர்ந்தால் சூடு ஏறாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இடைக்கிடை அதிவேகப் பாதையில் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

வேகனில் பெயின்ற் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கடற்காற்று கீழிருந்துதான் தின்னும். ஸ்பெயர் ரயரை எடுத்துவிட்டு அந்தக் குழியை விரலால் அழுத்திப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒன்றில் தகரம் பிஸ்கட் போல நொறுங்கியது. முற்பணம் கொடுக்கும் முன்பே புகைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், அதில் தேறாமல் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. எயார் பேக், சடுதியாகப் பிரேக் அடித்தாலும் சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் கெப்தான் மேல், அதில் பேச்சே இல்லை.

விலையிலும் ஒரு கண்ணி உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் பழைய வேகனுக்கும் யானை விலை சொன்னார்கள். 2025இல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தும், அந்த விலையையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் மச்சான் அளவு நாடாவோடு தன் தரிப்பிடத்துக்கு இறங்கினார். நாலே முக்கால் மீற்றர். ஹைலக்ஸ் ஐந்து மீற்றரைத் தாண்டும். வால் ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், மேல்மாடி அன்ரி தினமும் கத்துவார்.