காலி பாட்டில்களே கல்யாணப் பூச்சாடி

தங்கை கல்யாணத்துக்கு மேசை அலங்காரம் என் பொறுப்பு. பூச்சாடி வாடகைக்கு எடுக்க மனசில்லை. வீட்டில்தான் காலிக் கண்ணாடி பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றனவே! படுத்தியது லேபிள் பசைதான். வெந்நீரில் ஊறவைத்தால் காகிதம் உரிகிறது, பிசுபிசுப்பு போவதில்லை. சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தேன், வழித்துக்கொண்டு வந்தது. பிறகு சோப்பு போட்டு எண்ணெய் போகக் கழுவணும்.

அடுத்த சிக்கல், அகன்ற வாய் பாட்டில்களில் பூக்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. விளிம்பை ஈரமில்லாமல் துடைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் செலோடேப் ஒட்டி, கட்டத்துக்கு ஒரு காம்பாகச் செருகினேன். நிமிர்ந்து நின்றன. தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி நாறும்.

மெழுகுவத்தி பாட்டில்களின் அடியில் மணல். சூடு நேராகக் கண்ணாடியில் படாது, கனமும் கிடைக்கும். குழந்தைகள் ஓடும் பக்கம் மட்டும் பேட்டரி விளக்கு.

பின்னணித் திரை, பழைய படுக்கை விரிப்பு. மாட்டியபின் தண்ணீர் தெளித்துக் கீழே இழுத்துவிட்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். மீதியை போட்டோவில் யார் பார்க்கப்போகிறார்கள்!